தளபதி பேசிக்கொண்டிருக்கிறார்

ஏனுங் தம்பி, கோவிச்சுக்காதீங்க. காங்கேயத்துல ஏறுனதுல இருந்து பாக்கறேன், நீங்களும் அந்தப் போனைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுட்டே வர்றீங்க. சிரிக்கறப்ப உங்க தோளு என்னை இடிக்குது, அதனால கேக்கறேன். என்னத்தைங்க அப்படிச் சிரிக்கறீங்க? காட்டுங்க. சும்மா காட்டுங்க, பறிச்சுட்டா ஓடப்போறேன்?

அட! அடடடா! இது நம்ம தளபதியல்லவாங்க!

இந்த மீசை, இந்தத் தொப்பை. தொப்பைன்னு சொல்லப்படாது, அது கவசம். கோட்டைத் தளபதி தீரமல்லன். இவனைப் பெத்தவனே நாந்தானுங்க. நம்பலையா? மேல பேரைப் பாருங்க. சென்னியப்பன்னு போட்டிருக்குமே, கதை வசனம்னு? இந்தப் பக்கத்துல இருக்காது, மொத பாகத்துல பாருங்க. நாந்தான் அந்தச் சென்னியப்பன். காங்கேயத்துல தேங்காய்ப் பருப்புக் களம் வெச்சிருக்கறேன், தேங்காயை ஒடைச்சுக் காயப் போட்டு எண்ணெய் மில்லுக்குத் தாட்டி உடறது. அது வயித்துப் பொழப்பு. இதுதான் பேரு சொல்ற பொழப்பு.

ஆமாங்க, மொகம் கொஞ்சம் என்னையாட்டத்தான் இருக்கும். எல்லாரும் சொல்றதுதான். படக்கதைக்குப் படம் போடறவனுக்கு எதுக்கால ஒரு ஆம்பளை மொகம் வேணுமல்ல, என்னைப் பாத்துப் போட்டிருக்கறான். சரி, நீங்க ஒருக்கா என்னைப் பாக்கறீங்க, ஒருக்கா போனைப் பாக்கறீங்க, இன்னும் சிரிப்பு நிக்கலை. அது சிரிக்கற கதை இல்லீங்க தம்பி. அது வீரக் கதை. எதிரி வந்து கோட்டையைச் சுத்தி நிக்கறான், தளபதி மதில் மேல ஏறி நின்னு முழங்கறான். படிச்சா மயிர்க்கூச்செறியோணும். நீங்க குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறீங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். போன்ல புஸ்தகம் படிக்கற ஆளுகளைக் கண்டா எனக்கு ஆகறதில்லை. தப்பா நெனைக்காதீங்க, உங்களைச் சொல்லலை. உங்களையுந்தான் சொல்றேன். புஸ்தகம்னா கையில கனக்கோணும். தொறந்தா மை வாசம் மூஞ்சியில அடிக்கோணும். மேசை மேல போட்டு வெச்சா வர்றவன் போறவன் எடுத்துப் பாத்து, "இது ஆரு எழுதுனது?"ன்னு கேக்கோணும். இது என்னங்க இது, காத்தை வித்துக் காசாக்கற வேலை? சார்ஜு தீந்தா கதை தீந்துது. கட்டை வெரலால தள்ளித் தள்ளி, பஸ்சுல ஒண்ணு, கக்கூசுல ஒண்ணுன்னு படிக்கறது ஒரு படிப்பா? எங்க தளபதியைக் கக்கூசுல வெச்சுப் படிக்கறானுகளேன்னு நெனைச்சாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

நாங்க மொதல்ல அச்சுலதானுங்க போட்டோம். சிவகாசிக்கு நானே நேர்ல போயி, ஒரு அச்சாபீசுல பாய் போடாத கொறையா உக்காந்து வேலை வாங்குனேன். பேசற பேச்சை எழுதறதுக்கு வெள்ளையா ஒரு வட்டம் போடுவாங்கல்ல, பலூன்னு சொல்லுவாங்க. அங்கிருந்த ஆளு அதைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, பலூன் ரொம்பப் பெருசா இருக்கு, படம் பூராம் மறையுதே"ன்னான். படம் எதுக்குய்யான்னு கேட்டேன். வசனத்துக்குத் தொணைக்குத்தான் படம். வசனம் மாப்பிள்ளை, படம் தோழன். தோழனைப் பாக்கவா கல்யாணத்துக்கு வர்றாங்க? அவன் தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டான். அச்சாபீசுக்காரனுக்குக் காகிதந்தான் தெரியும், கதை தெரியாதுங்க.

ஆயிரம் புஸ்தகம் அடிச்சு வேன்ல ஏத்தியாந்தேன். கடைக்காரனுகளுக்குக் குடுத்தா, வார ராசிபலனுக்குப் பின்னால சொருகி வெச்சுட்டு, மாசம் போனதும் தூசியோட திருப்பிக் குடுக்கறானுக. கிராக்கி இல்லீங்களாமா. ராசிபலனுக்குக் கிராக்கி, வீரத்துக்குக் கிராக்கி இல்லை! என்ற பெரியப்பன் பேத்தி கல்யாணத்துல ஒரு ரோசனை பண்ணுனேன். தாம்பூலப் பையில தேங்காயோட ஆளுக்கொரு புஸ்தகம் போட்டு உட்டேன். படிக்காம எங்க போயிருவானுகன்னு பாத்தேன். தேங்காயை எடுத்துட்டு, புஸ்தகத்தைப் பையோட மண்டபத்து வாசல்லயே வெச்சுட்டுப் போயிட்டானுக. நானே நின்னு பொறுக்கிக் கட்டுனேன். சென்னியப்பன் களத்துத் தேங்காய் வேணும், சென்னியப்பன் எழுத்து வேண்டாம். நம்ம சனங்களுக்கு மூளை வயித்துக்குள்ள இருக்குதுங்க தம்பி.

அந்தக் கட்டெல்லாம் எங்கூட்டுலதான் கெடக்குது. கட்டிலுக்கடியில, பீரோ மேல, முன்னால ஆசாரத்துல, எங்க பாத்தாலும் தளபதிதான். எங்கூட்டுக்காரி கலாமணி ஒரு தையல் மிசின் வெச்சு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தெச்சுட்டு இருந்தா. எடம் பத்தலைன்னு அந்த மிசினைத் தூக்கிக் களத்துக் கொட்டகையில போட்டேன். மழையடிச்சு மிசின் துருப்புடிச்சுப் போச்சு. அதுக்கு ஒரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டாங்க பாருங்க! ஏம்மிணி, மிசின் நனைஞ்சா வேற மிசின் வாங்கிக்கலாம், புஸ்தகம் நனைஞ்சா என்னாகறதுன்னு நயமாத்தான் சொன்னேன். பொம்பளைக்கு எதைச் சொன்னாப் புரியுது?

படம் போட்டது ஆருன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? கேளுங்க. அவன் என்ற மச்சினன் திருமூர்த்தி, கலாமணிக்கு ஒரே தம்பி. இப்பப் போறோமே, இதே திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில, பனியன் மேல அடிக்கற படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கறான். கரடி, பூனை, மண்டையோடு. வெள்ளைக்காரன் நெஞ்சுல கரடி வரையறதுக்கு இவனுக்குச் சம்பளம். அந்தக் கரடிக்காரனை இழுத்தாந்து கலைஞனாக்குனது நாந்தானுங்க. ஞாயித்துக்கெழமை ஆனா பைக்குல வந்துருவான். ஆசாரத்துல உக்காந்து நான் சொல்லச் சொல்ல, சிலேட்டாட்ட ஒண்ணை மடியில வெச்சு அவன் போடுவான். கலாமணி கறிக்கொழம்பு கொதிக்க வெச்சுட்டு, கையில கரண்டியோட எங்களுக்குப் பின்னால வந்து நின்னு எட்டிப் பாப்பா.

பாத்தமா, போனமான்னு இருக்கோணுமல்ல? "ஏனுங்க, இந்தாளு மூணு பக்கமா பேசிட்டே நிக்கறாரே, கோட்டைக் கதவை ஆருங்க சாத்துவாங்க?"ம்பா. உடனே இந்தப் பன்னாடை குபுக்குனு சிரிப்பான். "அக்கா கேக்கறது நாயந்தானுங்க மச்சான்"ம்பான். "சண்டைக்குப் போறவிய எல்லாத்துக்கும் சோறு ஆருங்க ஆக்கறா?"ம்பா இன்னொரு நாளைக்கு. அக்காளும் தம்பியும் கண்ணைக் கண்ணைப் பாத்துக்குவாங்க. என்ன எகத்தாளம் பாருங்க. கதவைச் சாத்தறதும் சோறாக்கறதும் ஒரு கதையா? அதைக் காவல்காரன் பாத்துக்குவான். தளபதி பேசறான், அதுதான் கதை.

தளபதிக்கு ஒரு பொண்டாட்டியும் எழுதியிருந்தேன். "வென்று வாருங்கள், பிரபு!" ஒரே வசனம், அஞ்சாம் பக்கத்துல. அத்தோட அவ சோலி முடிஞ்சுது. ஆனா இவன் என்ன பண்ணுவான், ஒவ்வொரு கட்டத்துலயும் அவளைக் கொண்டாந்து நிறுத்திருவான். தூணுக்குப் பின்னால, தளபதி காலுக்கடியில, எங்கியாச்சும். "மாப்ளே, இவ எதுக்குடா இங்க?"ன்னு கேட்டா, "இருக்கட்டுங்க மச்சான், சும்மா"ம்பான். நானா விடுவேன்? பலூனைப் பெருசாக்கி அவ மேல வெச்சு மூடிட்டேன். வசனம் நீளம், எடம் வேணுமல்லங்க. படமும் சுத்தமாப் போச்சு.

படியூரு தாண்டலையே இன்னும்? தாண்டலை. நேரம் இருக்குது, கேளுங்க.

அச்சுல போகலைன்னதும் இவன் வந்து, "மச்சான், போன்ல உடலாமுங்க. மாசம் ஒரு பாகம், பத்துப் பன்னெண்டு பக்கம். காசு அனுப்புனவுடனே அவிய போன்ல தொறந்துக்கும். கட்டுக் கட்டா அடிச்சு வெக்க வேண்டியதில்லை"ன்னான். "மாப்ளே, சோத்தைப் போன்ல போட்டாத் திம்பியாடா?"ன்னு கேட்டேன். உள்ள இருந்து கலாமணிதான், "உடட்டுமுங்க, கட்டிலுக்கடியிலயாச்சும் கூட்டலாம்"னா. சரி, கழுதை, என்ற பேரு மேல இருக்கோணும், என்ற வசனத்துல ஒரு எழுத்துக் கொறையப்படாதுன்னு சொல்லி உட்டேன். ஆனா ஒண்ணு, அந்தக் கருமத்தை நான் கண்ணால பாக்க மாட்டேன்னு சொன்னேன். இன்னைக்கு உங்க போன்ல கண்ணுல பட்டதைத் தவிரப் பாத்ததில்லீங்க. கொள்கைன்னா கொள்கை.

போச்சுங்க. அதுதான் கூத்து. மலேசியாவுல இருந்து வாங்கறாங்களாமா, சிங்கப்பூர்ல இருந்து வாங்கறாங்களாமா. எனக்கு அப்பவே தெரியும், வசனம் அப்படி. களத்துல நெஞ்சை நிமித்திட்டுத்தான் நடந்தேன். அப்பத்தான் வெள்ளகோயில் ஏவாரி ஒருத்தரு மகன் பருப்பு எடுக்க வந்தவன், "மாமா, உங்க தளபதி சூப்பருங்க மாமா. அந்தப் பலூனை அமத்திட்டுப் பாத்தா வயிறு வலிச்சுப் போகுதுங்க"ன்னான். எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அமத்திட்டுன்னா என்னடான்னேன். பலூனைத் தொட்டா மறைஞ்சுருமாமா. மறுபடி தொட்டாத்தான் வருமாமா. மலேசியாவுல எதோ ஒரு பையன், தமிழு பேசுவேன், படிக்கத் தெரியாதுன்னு கேட்டானாமா, அவனுக்கோசரம் திருமூர்த்தி அப்படிப் பண்ணி உட்டிருக்கறான். அந்த ஒருத்தனுக்குப் பண்ணுனதை ஊரே புடிச்சுக்குச்சு.

உடனே போன் போட்டேன். "டேய், எத்தனை பேருடா என்ற வசனத்தை அமத்தறானுக?" அவன் இழுக்கறான். "சொல்றா!" "கிட்டத்தட்ட எல்லாருமேங்க மச்சான்"னான். எல்லாரும் அமத்தறானுக! அப்ப எல்லாரும் தற்குறி! காசு குடுத்து வாங்கி, அதுல இருக்கற எழுத்தைத் தொடச்சுப் போட்டுட்டுப் பொம்மை பாக்கறானுகன்னா அவனுகளை வேற என்னன்னு சொல்றது? கரும்பை வாங்கிச் சாத்தைக் கீழ ஊத்திட்டுச் சக்கையைத் திங்கற கூட்டமுங்க. உங்களைச் சொல்லலை. நீங்க அமத்தாமத்தான படிக்கறீங்க?

எதுக்குப் போனை அந்தப் பக்கம் திருப்பறீங்க? சரி.

அதுல எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே. ஆவணியில திருமூர்த்தி கொழந்தைக்குக் காதுகுத்து வெச்சிருந்தான். குலதெய்வங் கோயில்ல குத்திட்டு, மண்டபத்துல விருந்து. ஒறம்பரை சனமெல்லாம் ஒட்டுக்கா கூடியிருந்துது. மைக்கு செட்டு போட்டிருந்தாங்க, பாட்டுப் போட்டுட்டுச் சும்மாதான் கெடந்துது. எடுத்துட்டேன். அச்சுன்னா என்ன, எழுத்துன்னா என்ன, போனுங்கற சனியன் வந்து நாடு எப்படிக் கெட்டுதுன்னு மொத பந்தி முடிஞ்சு ரெண்டாம் பந்தி உக்கார்ற வரைக்கும் பேசுனேன். எதுக்கால ஒருத்தன் தலை நிமிரலை, அவனவன் போனைப் பாத்துட்டு இருக்கறான். திருமூர்த்தியைச் சொன்னேன், "என்ற எழுத்தைத் தொடைக்கறதுக்குப் பொத்தான் வெச்ச மகராசன் இவன்தான்"னு. கொழந்தையைத் தூக்கி வெச்சுட்டுத் தலையைக் குனிஞ்சு நின்னான். நிக்கட்டும்.

கலாமணியை ஒரே ஒரு வார்த்தைதாங்க சொன்னேன். நம்ம பொண்டாட்டியை நாம சொல்லாம ஆரு சொல்லுவாங்க? "இத்தனை வருசமா என்ற முதுகுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தா, எழுத்தோட அருமை தெரிஞ்சுதா? கரண்டி புடிக்கத்தான் தெரிஞ்சுது"ன்னேன். வேடிக்கைக்குத்தான். நானே சிரிச்சேனுங்க, மைக்குலயே. அவ அப்ப பந்தியில ரசம் ஊத்திட்டு இருந்தா. அந்த எலைக்கு ஊத்திட்டு அடுத்த எலைக்குப் போயிட்டா.

பொழுதோட வேன்ல எல்லாரும் ஏறுனாங்க, அவ ஏறலை. அம்மாவுக்கு முழங்கால் வலி, தம்பி ஊட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னா. சரி இருந்துட்டு வா அம்மிணின்னேன். இப்ப மார்கழி ஆச்சு. கெழவிக்கு என்ன முழங்காலோ அது, எங்க ஆத்தாளுக்கெல்லாம் இப்படி வலிச்சதே இல்லை. போன் பண்ணுனா எடுக்கறா, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. "சாப்பிட்டீங்களா?"ம்பா. அப்பறம் நான் பேசுவேன். களத்துல நடந்தது, மில்லுக்காரன் வெலையில ஏமாத்துனது, எல்லாத்தையும் சொல்லுவேன். சொல்லி முடிச்சுப் பாத்தா அந்தப் பக்கம் தையல் மிசின் ஓடற சத்தந்தான் கேக்குது. தம்பிகாரன் புது மிசின் வாங்கிக் குடுத்திருக்கறானாமா. குடுக்கட்டும், கரடிக் காசு.

நீங்க நெனைக்கறாப்பல நான் அவளைக் கூப்படப் போகலைங்க. அவளுக்கா வழி தெரியாது? வந்தா வருவா. எங்களுக்குப் புள்ளை குட்டி இல்லை, ஊட்ல நான் ஒருத்தன்தான், எனக்கென்ன, ஓட்டல் இருக்குது. நான் போறது தொழில் விசயமா. காதுகுத்துக்கு அப்பறம் நான் எழுதறதை நிறுத்திட்டேன். என்ற எழுத்து இல்லாம எப்படி ஓட்டறான்னு பாத்தர்லாம்னு இருந்தேன். அடுத்த மாசமே நின்னு போகும், மச்சான் மச்சான்னு ஓடியாருவான்னு பாத்தா, நிக்கலை. மாசாமாசம் வருதுன்னு அந்த ஏவாரி மகன் சொல்றான். என்னத்தைப் போட்டு ஓட்டறானோ! சரி, பெரியவிய நாம எறங்கிப் போகலாம்னு, அடுத்த பாகத்தை எழுதி இந்தப் பையில வெச்சிருக்கறேன். குடுத்துட்டு, "பொத்தானை எடுத்துப் போடுடா, மன்னிச்சுட்டேன்"னு சொல்லிட்டு வந்துரலாம். அங்க அவ இருந்தா, கெளம்பி வர்றியான்னு ஒரு வார்த்தை கேக்கலாம். கேட்டாக் கேக்கறது, கேக்காட்டிப் போகுது.

எச்சா நாயம் பேசிட்டேன். நீங்க பாவம், படிச்சுட்டு இருந்தீங்க. ஆனா தம்பி, மனசுல ஒரு அரிப்பு. அப்படி என்னத்தைத்தான் அமத்திட்டுப் பாத்துச் சிரிக்கறீங்க எல்லாரும்? காட்டுங்க. நான் தொடலை, நீங்க தொடுங்க. இன்னொருத்தர் போன்தானே, கொள்கைக்கு ஒண்ணும் ஆகாது. மொத பாகத்துல இருந்து காட்டுங்க.

இதா, இது மதில் மேல பேசற எடம். "எட்டுத் திக்கும் முழங்கட்டும் என் முரசு! எதிரியின் குலை நடுங்கட்டும்!" பாருங்க எழுத்தை. எப்படி நிக்குது! சரி, தொடுங்க.

அடப்பாவி.

பலூனுக்கடியில இத்தனை வரைஞ்சு வெச்சிருந்தானா? எனக்குத் தெரியவே தெரியாதுங்க. இவன் இங்க முழங்கறான், கீழ ஏணி போட்டு எதிரி ஏறி வர்றான், அவ கொதிக்கற கஞ்சியை மேல இருந்து ஊத்தறா. கரண்டியோட! அடுத்ததைத் தொடுங்க. கதவைக் காலால ஒதைச்சுச் சாத்தறா. கையில சோத்துப் பானை, அதான் காலு. இந்தாளு அந்தப் பக்கம் திரும்பி இன்னும் பேசிட்டு நிக்கறான். சிப்பாயிக எல்லாம் ஒறங்கறானுக. குதிரை இவன் தலைப்பாகையைத் திங்குது. இது ஒரு படமா, இது ஒரு மரியாதையா? சிரிக்காதீங்க தம்பி.

இது என்ன, கோட்டை மேல தேங்காய்ப் பருப்புக் காயுது? ஆராச்சும் கோட்டையில பருப்புக் காயப் போடுவாங்களா? மழை வருது. அவதான் அள்றா. ஒத்தை ஆளா நனைஞ்சுட்டே அள்றா. இது மட்டும் நெசமுங்க. எங்க களத்துலயும் மழை வந்தா ஆளுக போயிருவாங்க, அவதான் சாக்கை எடுத்துட்டு ஓடுவா. நான் எங்க இருப்பேன்? நான் எழுதிட்டு இருப்பேன். எழுதறப்ப எந்திரிக்க முடியாதுங்க, ஓட்டம் நின்னு போகும்.

சரி, நீங்க இப்பப் படிச்சுட்டு இருந்த பாகத்துக்கு வாங்க. நான் எழுதாத பாகம். என்ன கிழிச்சிருக்கறான்னு பாக்கலாம்.

இதுல பலூன் எங்கங்க? அமத்தி வெச்சிருக்கறீங்களா? இல்லையா? பலூனே போடலையா? வாயைத் தொறந்துட்டு நிக்கறான், கையைத் தூக்கியிருக்கறான், ஆனா ஒண்ணும் எழுதலை. நானில்லாட்டி இதுதான். அவனுக்கு வசனம் வருமா? வராது. அடுத்தது. அவ கரண்டியைக் கீழ வெக்கறா. அடுத்தது. ஒரு துணிப்பை எடுக்கறா. ரெண்டு சேலை வெக்கறா. இவன் பேசிட்டே இருக்கறான். அடுத்தது. கோட்டைக் கதவைத் தொறக்கறா. தொறந்து, போறா. கதவைச் சாத்தாமப் போறாளே. அவதான எப்பவும் சாத்துவா? நடந்துட்டே போறா. சின்னதாயிட்டே போறா.

டேய், திரும்பிப் பாருடா. திரும்பிப் பாரேன்டா கிறுக்கா, அவ போறா.

உங்களைச் சொல்லலைங்க. இவனைச் சொன்னேன். பின்னால நடக்கறதே தெரியாம ஒருத்தன் இருப்பானா? கடைசிப் படத்துல கூட அவளுக்கு முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்கறான். வாயி தொறந்தே கெடக்குது. இவனை நான் இப்படி எழுதலைங்க. இவன் வீரன். இதை ஆரு எழுதுனது? திருமூர்த்திக்கு இத்தனை வராது. அவனுக்குக் கரடிதான் வரும். கீழ என்னமோ சின்ன எழுத்துல போட்டிருக்குதே. என்ற கண்ணாடி பையில கெடக்குது, நீங்க படிங்க.

என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க.

கதை: கலாமணி.

அவ பேரையா போட்டிருக்கறான்? கதைன்னா? படமில்லையே? கதைன்னுதான் போட்டிருக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி.

நல்லூரு தாண்டியாச்சுங்களா? ஆச்சு. ஒரு ஒத்தாசை பண்ணோணும் நீங்க. இதுக்கு அடுத்த பாகம் வந்துருச்சா? வந்துருச்சா! எப்ப? இன்னைக்குக் காத்தாலயா? நீங்க இன்னும் வாங்கலையா? என்னங்க நீங்க, மத்ததெல்லாம் வாங்குனீங்க, இதை வாங்க மாட்டீங்களா? வாங்குங்க. இந்தாங்க, காசு இதுல இருந்து எடுத்துக்கங்க, எத்தனை இருக்குதோ எடுத்துக்கங்க. புஸ்தகமா வராதுன்னு எனக்குத் தெரியுங்க, போன்லதான் வரும், வரட்டும். போன்ல வந்தா என்ன இப்ப?

நாலு மாசமா நான் கேக்கலைங்க. தெனமும் போன் பண்ணுனேன், வர்றியான்னு ஒரு நாளும் கேக்கலை. நான் கேக்காமயே அவ எழுதிட்டா. ஊருக்கே தெரியும்படி எழுதியிருக்கறா, மலேசியாக்காரனுக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியலை. அவ வாசல்ல போயி நிக்கறதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சாகோணும். அவ திரும்பி வர்றாளா இல்லையா? அதுல வரலைன்னா நான் மேல போகலை, இப்படியே இன்னொரு பஸ்சைப் புடிச்சுக் காங்கேயத்துக்குப் போயிடறேன்.

ஸ்டாண்டு வந்தா வரட்டும், எந்திரிக்காதீங்க. கண்டக்டரே, சித்த இருங்க, எறங்கறோம், எறங்கறோம். தம்பி, தொறந்துருச்சா? தொறந்துருச்சு. நீங்க தள்ளுங்க, எனக்குத் தள்ளத் தெரியாது. மொத பக்கத்துல ஆரும் இல்லையே. கதவு தொறந்து கெடக்குது. அடுத்ததுக்குப் போங்க. மெல்லப் போங்க. நான் ஒண்ணும் பேசலை.